அண்ணனோடு போட்டியிட்ட தம்பி: போர்ஷே கார்களின் கதை

புதிய பொருளை வாங்குவதா, அதன் முந்திய வடிவத்தைக் குறைந்த விலைக்கு வாங்குவதா என்ற கேள்வி எல்லாக் குடும்பங்களிலும் எழுவதுதான். தையல் இயந்திரம் முதல் தொலைக்காட்சிப் பெட்டி வரை நாம் அனைவரும் அதற்கு ஏதோவொரு விடை கண்டிருக்கின்றோம். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் என்று வரும்போது அக்கேள்விக்கு வேறொரு கனம் வந்து சேர்ந்துவிடுகின்றது. அது தேவைக்காக வாங்கப்படும் பொருளன்று, ஆசைக்காக வாங்கப்படுவது. தேவைக்குக் கணக்குப் பார்ப்பது எளிது. ஆசைக்குக் கணக்குப் பார்ப்பதுதான் கடினம்.

ஜேர்மனியில் வாழும் என் தமக்கையின் மகன் அண்மையில் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, போர்ஷே புதுசு எடுக்கவோ, இல்லாட்டி முந்தின மொடலைக் குறைஞ்ச விலைக்கு எடுக்கவோ?" காரின் வயிற்றைத் திறந்து பார்த்துப் பதில் சொல்லும் ஆற்றல் எனக்குக் கிடையாது. பத்திரிகைக்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் பழைய ஆண்டுகளைப் புரட்டிப் பார்ப்பதுதான். அவ்வாறு புரட்டியபோது ஓர் உண்மை புலப்பட்டது. மருமகனை வாட்டும் அதே கேள்வி, அந்தக் காரைச் செய்த நிறுவனத்தையே ஒரு தடவையல்ல, மூன்று தடவைகள் வாட்டியிருக்கின்றது. அந்த மூன்று தடவைகளிலும் என்ன நடந்தது என்பதைப் பார்த்தால், வாங்குபவர்களுக்கும் விடை கிடைக்கும் என்பது என் எண்ணம்.

மரம் அரியும் ஆலையில் பிறந்த கார்

வொக்ஸ்வாகன் 'பீட்டில்' காரை வடிவமைத்தவர் பேர்டினண்ட் போர்ஷே. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அவர் பிரான்சில் தடுத்துவைக்கப்பட்டார். போரின்போது ஜேர்மனியிலிருந்து அகன்ற அவரது நிறுவனம், ஒஸ்திரியாவின் குமுண்ட் என்ற சிற்றூரில் பழைய மரஆலை ஒன்றிலே இயங்கிக்கொண்டிருந்தது. அங்குதான் அவருடைய மகன் பெரி போர்ஷே 1948ஆம் ஆண்டு தம் குடும்பப் பெயரைத் தாங்கிய முதலாவது ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கினார். அதற்கு 356 என்று பெயர்.

அந்தக் காரின் உறுப்புகளில் பெரும்பாலானவை வொக்ஸ்வாகனிலிருந்து பெறப்பட்டவை. எஞ்சின் ஏறத்தாழ 35 குதிரைவலு மாத்திரமே கொண்டது. ஆயினும் கார் எடை குறைந்தது. வளைவுகளில் இலகுவாகத் திரும்பியது. 1950இல் நிறுவனம் ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகருக்குத் திரும்பியது. 1951இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் வகுப்பில் 356 வென்றது. அதன்பின் ஆண்டுதோறும் சிறு சிறு திருத்தங்கள் செய்யப்பட்டன. 1963இல் வெளிவந்த 356 சி, நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் பொருத்தப்பட்டு வந்தது. அதன் வலுக்கூடிய 'எஸ்சி' வகை 95 குதிரைவலு கொண்டிருந்தது. தொடக்கத்தில் இருந்ததைப் போல இரண்டரை மடங்குக்கும் அதிகம்! 1965 வரை ஏறத்தாழ 76,000 கார்கள் செய்யப்பட்டன.

ஆக, 1963இல் 356 என்பது பதினைந்து ஆண்டுகள் பட்டை தீட்டப்பட்ட ஒரு பொருள். அதன் குறைகள் யாவும் தெரிந்தவை. தெரிந்த குறைகளுக்கு மருந்தும் தெரிந்திருந்தது.

1963: முதலாவது சோதனை

அந்த ஆண்டு செப்டெம்பரில் பிராங்க்பேர்ட் மோட்டார் கண்காட்சியில் புதிய கார் காட்டப்பட்டது. பெரி போர்ஷேயின் மகன் பேர்டினண்ட் அலெக்சாண்டர் வரைந்த வடிவம் அது. அதற்கு இடப்பட்ட எண் 901. நடுவில் பூச்சியம் அமைந்த மூன்றிலக்கப் பெயர்கள் தமக்கே உரியவை என்று பிரான்சின் பேஜோ நிறுவனம் 1964இல் ஆட்சேபித்தது. நம் நாட்டு வீதிகளிலும் ஒரு காலத்தில் ஓடிய பேஜோ 404, 504 ஆகியவற்றை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே பெயர் மரபுதான். வழக்காடுவதை விடுத்துப் போர்ஷே பூச்சியத்தை ஒன்றாக்கியது. 901 என்பது 911 ஆயிற்று. உலகப் புகழ் பெற்ற ஒரு பெயர் இவ்வாறுதான் கிடைத்தது.

புதிய காரில் ஆறு சிலிண்டர்கள், 2 லீற்றர் எஞ்சின், 130 குதிரைவலு, மணிக்கு 210 கிலோமீற்றர் வேகம். உள்ளே இடவசதி கூடுதல். காகிதத்தில் பார்த்தால் பழைய 356 எவ்வகையிலும் ஈடாகாது. ஆனால் விலையும் கணிசமாகக் கூடியிருந்தது. 1964 செப்டெம்பரில் 911இன் உற்பத்தி தொடங்கியபோது 356இன் உற்பத்தி நின்றுவிடவில்லை. அடுத்த ஆண்டு வசந்த காலம் வரை இரண்டும் ஒரே தொழிற்சாலையில் பக்கம் பக்கமாகச் செய்யப்பட்டன. வாங்க வந்தவர் முன்னே விலைகூடிய புதிய தம்பியும், விலைகுறைந்த அண்ணனும், பாவித்த நிலையில் இன்னும் மலிவாகக் கிடைத்த மூத்த அண்ணன்மாரும் வரிசையாக நின்றார்கள்!

அவர்களில் யார் சிறந்தவர்? முதலாண்டு 911ஐ வாங்கியவர்கள் பணத்தோடு பொறுமையையும் செலவிட வேண்டியிருந்தது. எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருந்தமையாலும், சக்கரங்களுக்கிடையிலான நீளம் குறைவாக இருந்தமையாலும், வளைவில் திடீரெனக் காலை எடுத்தால் காரின் பின்புறம் வெளியே வீசப்படும் அபாயம் இருந்தது. இதைச் சமாளிக்க நிறுவனம் செய்த வேலை விந்தையானது. முன் பம்பரின் இரு முனைகளிலும் ஏறத்தாழ 11 கிலோ எடையுள்ள இரும்புக் கட்டிகளை ஒளித்து வைத்தார்கள். எடை குறைந்த கார் என்பதைப் பெருமையாகக் கூறிக்கொண்ட ஒரு நிறுவனம், தன் புதிய காருக்கு இரும்புப் பாரம் கட்டியது. முதலில் பொருத்தப்பட்ட கார்பரேற்றர்களும் தொல்லை தந்தன. அவை 1966இல் மாற்றப்பட்டன. 1969ஆம் ஆண்டு மொடலில்தான் பின்சக்கரங்கள் 57 மில்லிமீற்றர் பின்னே தள்ளப்பட்டு, உடற்கூற்றுக் குறை பெருமளவுக்குத் தீர்ந்தது.

அதாவது, புதிய கார் தன் சொந்தக் காலில் நிற்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. அந்த நான்கு ஆண்டுகளின் சோதனைச் செலவை ஏற்றவர்கள் முதலில் வாங்கியவர்களே.

புதிய உடல், பழைய இதயம்

இங்கே தொழிற்சாலையின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். பாவித்த கார் ஒன்று கைமாறும்போது அதைச் செய்த நிறுவனத்துக்கு ஒரு சதமும் போய்ச் சேர்வதில்லை. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இலாபம், தரகருக்கும் இலாபம், தொழிற்சாலைக்கு மாத்திரம் ஒன்றுமில்லை. எவ்வளவு உறுதியாக ஒரு காரைச் செய்கின்றார்களோ, அவ்வளவு உறுதியான போட்டியாளனைத் தமக்கெதிராகத் தாமே உருவாக்குகின்றார்கள். பத்து ஆண்டுகளாகியும் உழைக்கும் 356, புதிய 911இன் விற்பனைக்கு முதல் எதிரி.

இதைப் போர்ஷே புரிந்துகொண்டது. 1965இல் 912 என்ற காரை வெளியிட்டது. உடல் 911இனது; எஞ்சினோ 356இலிருந்து வந்த நான்கு சிலிண்டர் எஞ்சின், 90 குதிரைவலு. விலை 911ஐ விட வெகு குறைவு. பின்னால் பாரம் குறைந்தமையால் வளைவுகளிலும் அது 911ஐ விடச் சாதுவாக நடந்துகொண்டது. தொடக்க காலத்தில் 911ஐ விடக் கூடுதலாக விற்பனையானது 912தான் என்பது குறிப்பிடத்தக்கது. 1969 வரை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. புதியதா பழையதா என்று தடுமாறியவர்களுக்கு நிறுவனம் இரண்டையும் ஒரே பொதியில் கட்டிக் கொடுத்தது எனலாம்.

அண்ணனை அகற்ற முடியாத வாரிசு

இரண்டாவது சோதனை எழுபதுகளில் வந்தது. இப்போது 911 தானே அண்ணன் ஆகிவிட்டது. பின்னால் எஞ்சின், காற்றினால் குளிரூட்டும் முறை ஆகியவை காலாவதியாகிவிட்டன என்று நிறுவனத்தின் தலைவர் ஏர்ன்ஸ்ட் பூர்மான் கருதினார். 1977இல் 928 என்ற கார் வெளிவந்தது. முன்னால் எஞ்சின், எட்டுச் சிலிண்டர், நீரினால் குளிரூட்டல். மறு ஆண்டு அது 'ஐரோப்பாவின் ஆண்டுக்கான கார்' என்ற விருதையும் பெற்றது. அவ்விருதைப் பெற்ற ஒரே ஸ்போர்ட்ஸ் கார் என்று இன்றளவும் அதனைச் சொல்வார்கள்.

எல்லாத் தகுதிகளும் வாரிசுக்கு இருந்தன. ஆனால் வாடிக்கையாளர்கள் அண்ணனை விட்டு அகலவில்லை. 1981இல் பீற்றர் சுட்ஸ் என்பவர் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். தலைமைப் பொறியியலாளர் ஹெல்முட் பொட்டின் அறையில் ஒவ்வொரு காரின் எதிர்காலத்தையும் கோடுகளாகக் காட்டும் அட்டவணை தொங்கியது. ஏனைய கோடுகள் நீண்டு செல்ல, 911இன் கோடு மாத்திரம் அந்த ஆண்டோடு நின்றிருந்தது. சுட்ஸ் பேனாவை எடுத்து அந்தக் கோட்டை அட்டவணையின் விளிம்பையும் தாண்டிச் சுவர் வரை இழுத்துச் சென்றார் என்பது அவரே பின்னாளில் கூறிய கதை. 928 ஏறத்தாழ 61,000 கார்களோடு 1995இல் மறைந்தது. அது அகற்ற வந்த 911 இன்றும் விற்பனையில் உள்ளது.

1998: மூன்றாவது சோதனை

மூன்றாவது சோதனைதான் மிகக் கடுமையானது. 1986ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கார்களுக்கு மேல் விற்ற நிறுவனம், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பதினையாயிரத்துக்கும் கீழே இறங்கியது. போர்ஷே யாருக்கு விற்கப்படும் என்பதே அக்காலத்துப் பேச்சு. தலைமைக்கு வந்த வெண்டலின் வீடக்கிங், ரொயோட்டாவின் உற்பத்தி முறையை அறிந்த யப்பானிய நிபுணர்களை வரவழைத்தார். தொழிற்சாலையில் குவிந்து கிடந்த உதிரிப்பாகங்கள் குறைக்கப்பட்டன. வேலை ஒழுங்குகள் மாற்றப்பட்டன.

அந்த நெருக்கடிக்குள் பிறந்ததுதான் 993 எனப்படும் 911. 1993 முதல் 1998 வரை ஏறத்தாழ 68,000 கார்கள் செய்யப்பட்டன. காற்றினால் குளிரூட்டப்பட்ட கடைசி 911 அதுவே. பின்சக்கரத் தாங்கமைப்பு புதிதாக வடிவமைக்கப்பட்டு, முப்பது ஆண்டுகளாகத் தொடர்ந்த அந்த 'வால் வீச்சு' நோய் பெரிதும் குணமாக்கப்பட்டது. ஆனால் அதனைச் செய்வதற்கு ஆன செலவு அதிகம். ஒலி, புகை தொடர்பான புதிய சட்டங்களுக்கு அந்த எஞ்சின் இனியும் ஈடுகொடுப்பது கடினமாகியது.

எனவே 1997இல் 996 அறிமுகமானது. நீரினால் குளிரூட்டப்படும் எஞ்சின், 3.4 லீற்றர், 300 குதிரைவலு. 993இன் எஞ்சின் 3.6 லீற்றராக இருந்தும், அதன் சாதாரண வகையின் வலு 285ஐத் தாண்டவில்லை. புதிய கார் கூடுதல் இடவசதி கொண்டது, வேகம் கூடியது. ஆனால் செலவைக் குறைப்பதற்காக, ஒரு வருடம் முன்னர் வெளிவந்த மலிவான 'பொக்ஸ்ரர்' காரோடு முன்பகுதியையும் கதவுகளையும் முகப்பு விளக்குகளையும் அது பகிர்ந்துகொண்டது. வட்ட விளக்குகள் போய், உருக்குலைந்த முட்டைப் பொரியல் போன்ற விளக்குகள் வந்துவிட்டன என்று இரசிகர்கள் கேலி செய்தார்கள். 

கேலியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எஞ்சினுக்குள் உள்ள இடைத்தண்டின் பெயாரிங் சில கார்களில் உடைந்து முழு எஞ்சினையும் நாசமாக்கியது. 2001 முதல் 2005 வரையிலான மொடல்களை உள்ளடக்கிய கூட்டு வழக்கொன்று 2013இல் அமெரிக்காவில் இணக்கத்தில் முடிந்தது. 2004இல் வந்த அடுத்த தலைமுறையில் வட்ட விளக்குகள் திரும்பிவந்தன. 

இன்றைய சந்தை தன் தீர்ப்பை வழங்கிவிட்டது. ஒரே தரத்திலுள்ள இரண்டு கார்களை ஒப்பிட்டால், வயதில் மூத்த 993இன் விலை 996இன் விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 1998இல் புதியதைத் தவிர்த்துப் பாவித்த 993ஐ வாங்கி இன்றுவரை பேணியவர் கெட்டிக்காரர் என்று போற்றப்படுகின்றார்.

ஆனால் கதை அத்தோடு முடிவதில்லை. எல்லாரும் அந்தக் கெட்டிக்காரரைப் போல நடந்திருந்தால் என்னவாகியிருக்கும்? 996 வகையில் ஏறத்தாழ 175,000 கார்கள் செய்யப்பட்டன. பொக்ஸ்ரரோடு சேர்ந்து நிறுவனத்தை நிமிர்த்தி வைத்தது அந்த விற்பனைதான். கேலிக்குள்ளான விளக்குகளையும் பெயாரிங் தொல்லைகளையும் சகித்துக்கொண்டு புதியதை வாங்கியவர்கள் இல்லாவிட்டால், இன்று 993க்கு உதிரிப்பாகம் செய்து கொடுக்க அந்தத் தொழிற்சாலை நிலைத்திருக்குமா என்பது ஐயமே. மூத்தவனின் இன்றைய மதிப்பைத் தாங்கி நிற்பது, இளையவனை வாங்கியவர்கள் செலுத்திய பணம். போற்றப்படுபவர் ஒருவர், விலை கொடுத்தவர் வேறொருவர். வரலாற்றில் இது புதிதன்று.

நம் அனுபவம் சொல்வது

பழைய கார் என்றால் என்ன என்பதை ஈழத்தமிழருக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 1990க்குப் பின்னர் பொருளாதாரத் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில், மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிஜும் மண்ணெண்ணெயில் ஓடியதை என் கண்ணால் கண்டிருக்கின்றேன். எஞ்சினை இயக்குவதற்குச் சில துளி பெற்றோல். பின்னர் புகை கக்கிக்கொண்டு மண்ணெண்ணெயில் ஓட்டம். அந்தக் கார்கள் உயிர் பிழைத்தமைக்குக் காரணம் அவற்றின் எளிமை. அவற்றின் ஒவ்வொரு ஆணியும் ஊர் மெக்கானிக்கின் விரலுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய கணினிமயப்பட்ட கார் எதுவும் அந்தச் சோதனையில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடித்திராது.

விலையைப் பற்றியும் நமக்கு அனுபவம் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், வாங்கிய விலையைவிடக் கூடுதலான விலைக்குத் தம் பழைய கார்களை விற்றவர்கள் பலர். அந்தக் கார்கள் ஒன்றும் சிறப்படைந்துவிடவில்லை. புதியவை வரவில்லை, அவ்வளவுதான். 993இன் கதையும் அடிப்படையில் இதுதான். இங்கே அரசாங்கத்தின் கட்டளை அருமையை உண்டாக்கியது. அங்கே காற்றில் குளிரும் எஞ்சின் இனி வராது என்ற ஏக்கம் அருமையை உண்டாக்கியது. இரண்டிலும் விலை உயர்ந்தது. இரண்டிலும் அந்த உயர்வு காரின் தரத்துக்கு அளவுகோல் ஆகவில்லை.

எதை வாங்குவது?

மூன்று சோதனைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு நியதி தெளிவாகின்றது. ஒரு தலைமுறையின் கடைசி ஆண்டுகளில் வந்த கார், அடுத்த தலைமுறையின் முதலாண்டுக் காரைவிடப் பக்குவமானது. 356இன் முடிவில் வந்த 'எஸ்சி'யும், காற்றுக் குளிரூட்டலின் முடிவில் வந்த 993உம் இதற்குச் சாட்சி. எனவே பழையதுதான் வேண்டுமென்றால், முந்திய தலைமுறையின் இறுதிக் காலத்துக் காரைத் தேட வேண்டும். புதியதுதான் வேண்டுமென்றால், அது வெளிவந்து ஓரிரு ஆண்டுகள் கழியும் வரை பொறுத்திருக்க வேண்டும். முதலாண்டின் பரிசோதனையை மற்றவர்கள் செய்து முடிக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழக்கூடாது என்பார்கள். பாவித்த ஸ்போர்ட்ஸ் காரின் விலைதான் குறைகின்றதே தவிர, அதன் டயரின் விலையோ பிரேக்கின் விலையோ மெக்கானிக்கின் கூலியோ குறைவதில்லை. பாதி விலைக்கு வாங்கிய காரும் முழு விலைக் காருக்குரிய தீனியைத்தான் கேட்கும். வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பழுதுபார்க்கும் செலவுக்கென்று ஒதுக்கிவைக்க முடியாதவர், தொழிற்சாலை உத்தரவாதத்தோடு வரும் புதிய காரை வாங்குவதே நல்லது. அதுவும் முடியாதவர் ஆசையைச் சற்று ஒத்திவைப்பது அதைவிட நல்லது.

கடைசியாக, 993ஐப் பார்த்துவிட்டுப் பழைய கார் எதுவானாலும் ஒருநாள் பொன்னாகும் என்று நம்பி எவரும் கடன் வாங்கிவிடக் கூடாது. 1998இல் 993ஐ வாங்கியவர்களில் பலர் அது பொன்னாகும் என்று எண்ணி வாங்கவில்லை. ஓட்டுவதற்குப் பிடித்திருந்தது, வாங்கினார்கள். அதன் கீர்த்தி இன்று அதன் விலைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்தக் கீர்த்தி வேண்டாம், ஓட்டினால் போதும் என்பவருக்கு, ஒரு காலத்தில் எல்லாரும் ஏளனம் செய்த 996, அந்தப் பெயாரிங்கைத் தகுந்தவரைக் கொண்டு சோதித்து வாங்கினால், இன்று 911 குடும்பத்துக்குள் நுழைவதற்குரிய மிக மலிவான வாசல்களில் ஒன்று. இளையவனாக வந்து ஏச்சு வாங்கியவனும் காலம் செல்ல அண்ணனாகி, அமைதியாக வாசலில் நிற்கின்றான்.